பாதியில் நிற்கிற தையல்: குவில்டையும் கிராஸ் ஸ்டிட்சையும் முடிவுக்குக் கொண்டுவருவது

வீட்டில் பாதியில் நிற்கிற தையல் வேலைகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். அவை கண்ட இடத்தில் நிற்பதில்லை. கிராஸ் ஸ்டிட்ச், அதாவது வரைபடத்தைப் பார்த்துக் கட்டம் கட்டமாக X போலத் தைக்கும் வேலை என்றால், ஒரு கட்டம் பிசகியது தெரியவந்த இடத்தில் நிற்கும். இல்லாவிட்டால் தையல் எல்லாம் முடிந்து வெளிக்கோடு போடும் பேக் ஸ்டிட்ச் மட்டும் பாக்கி என்ற இடத்தில் நிற்கும். குவில்ட், அதாவது துண்டுகளை இணைத்த மேல்துணி, பஞ்சு, பின்துணி மூன்றையும் ஒன்றாகத் தைக்கும் போர்வை என்றால், மேல்துணி முழுதாக இணைந்து, மடித்து அலமாரிக்குள் போன இடம். பெரும்பாலான குவில்ட் அங்கேதான் படுத்திருக்கும். சோம்பல் என்று தன்னையே நொந்துகொள்வதில் பயனில்லை. அந்த இடங்களில் வேலையின் தன்மை மாறுகிறது, அடுத்த அடிக்கு வேண்டிய பொருளோ அளவோ கையில் இல்லை, அதனால் வேலை நிற்கிறது. அந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டு வைத்தால் வேலை தானாக நகரும்.

கிராஸ் ஸ்டிட்சின் கணக்கு சுலபம், அதிலிருந்தே தொடங்கலாம். 140 கட்டம் அகலம், 112 கட்டம் உயரம் உள்ள ஒரு படம். ஐடா என்பது கட்டம் கட்டமாக நெய்த துணி, 14 கவுண்ட் ஐடாவில் ஒரு இன்ச்சுக்கு 14 கட்டம். 140-ஐ 14-ஆல் வகுத்தால் 10 இன்ச், 112-ஐ வகுத்தால் 8 இன்ச். அதே படம் 18 கவுண்டில் ஏறக்குறைய 7.8-க்கு 6.2 இன்ச்சாகச் சுருங்கும், 11 கவுண்டில் 12.7-க்கு 10.2 ஆக விரியும். இன்ச்சுக்கு 28 இழை ஓடும் 28 கவுண்ட் ஈவன்வீவ் துணியில் இரண்டு இழை தாண்டித் தைத்தால் 14 கவுண்டின் அளவேதான் வரும். சுற்றிலும் 3 இன்ச் விடுங்கள், ஆக 14 கவுண்டுக்கு 16-க்கு 14 இன்ச் துணி வேண்டும். அந்த 3 இன்ச்சில் யாரும் சிக்கனம் பார்க்கக் கூடாது. தைக்கும்போது எம்ப்ராய்டரி வளையம் கவ்வுவதற்கும், முடிந்தபின் அட்டையின் பின்னால் மடித்து இழுத்துக் கட்டுவதற்கும் அதுதான் இடம். வெட்டிய கையோடு நாலு ஓரத்தையும் மிஷினில் ஜிக்ஜாக் ஓட்டிவிட்டால் பிசிறு பிரியாது.

படம் முழுதும் நிரம்புகிற மாதிரி இருந்தால் 140 பெருக்கல் 112, மொத்தம் 15,680 குறுக்குத் தையல். கை பழகியவர்கள் மணிக்கு 120 போடுகிறார்கள் என்று வைத்தால் 130 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் நாலு மாதத்துக்கு மேல் ஆகும். இதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால், இரண்டு வாரத்தில் “இன்னும் முடியவில்லையே” என்ற சலிப்பு வராது. 10-க்கு 10 என்று பிரித்தால் ஒவ்வொரு பெட்டியும் 100 தையல், ஏறக்குறைய 50 நிமிட வேலை. ஒரு நாளைக்கு ஒரு பெட்டி. நம்பிச் சொல்லக்கூடிய அளவு அதுதான்.

நூலுக்கும் கணக்கு உண்டு. டிஎம்சி கம்பெனியின் எம்ப்ராய்டரி நூல் ஒரு கட்டில் 8 மீட்டர், அதில் 6 இழை. 14 கவுண்டுக்கு 2 இழை போதும். 11 கவுண்டுக்கு 3. 18 கவுண்டுக்கு 1 அல்லது 2, துணி எவ்வளவு மூடவேண்டும் என்பதைப் பொறுத்தது. 14 கவுண்டில் ஒரு கட்டத்தின் பக்கம் 1.8 மில்லிமீட்டர். முன்பக்கம் இரண்டு மூலைவாட்டுக் கோடு, பின்பக்கம் இரண்டு நேர்க்கோடு என்று கூட்டினால் ஒரு தையலுக்கு 9 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரட்டை இழையாகக் கணக்கிட்டால் ஒரு கட்டில் 24 மீட்டர் கிடைக்கும், ஏட்டளவில் 2,700 தையல் வரை வரும். நடைமுறையில் தொடக்க முனை, முடிவு முனை, பின்பக்கத் தாவல், பிரித்துத் தைப்பது எல்லாம் போக 1,700 என்று வைத்துக்கொள்வது நல்லது. ஒரு நிறம் 3,000 கட்டத்தில் வருகிறதென்றால் இரண்டு கட்டு சேர்த்தே வாங்கிவிடுங்கள். அப்போதுதான் பாதியில் நூல் தீர்ந்து ஒரு மூலை காலியாகக் கிடக்காது.

ஊசி முனை மழுங்கிய டேப்பஸ்ட்ரி ஊசியாக இருக்கவேண்டும். 14 கவுண்டுக்கு 24-ம் நம்பர், 16, 18-க்கு 26, அதற்கும் நுணுக்கமான துணிக்கு 28. கூர்முனை ஊசி துளையில் இறங்காமல் நெசவையும் பக்கத்துத் தையலின் நூலையும் குத்திப் பிளக்கும். பிரிக்கும்போதுதான் அதன் கஷ்டம் புரியும். ஆறு இழையிலிருந்து இரண்டைச் சேர்த்து உருவக் கூடாது. ஒவ்வொன்றாக மேல்நோக்கி உருவி, பிறகு இரண்டையும் பக்கம் பக்கமாகச் சேர்த்துக் கோக்கவேண்டும். முறுக்கு அவிழ்ந்து இழைகள் படிந்து நிற்கும், துணியையும் நன்றாக மூடும். தைக்கும்போது அவ்வப்போது ஊசியைத் தொங்கவிட்டால் ஏறிய முறுக்கு தானே சுழன்று இறங்கிவிடும்.

முடிச்சு வேண்டாம். 90 சென்டிமீட்டரில் ஒரே ஒரு இழை எடுத்து இரண்டாக மடியுங்கள். இரு நுனிகளையும் ஊசிக்காதில் கோத்தால் மறுமுனையில் ஒரு வளையம் நிற்கும். பின்பக்கமிருந்து ஊசியை ஏற்றி, மூலைவாட்டில் இறக்கி, பின்னால் காத்திருக்கும் வளையத்துக்குள் ஊசியை நுழைத்து இழுத்தால் நூல் பூட்டிக்கொள்ளும். முடிச்சும் இல்லை, மேடும் இல்லை. 2, 4 என்று இரட்டைப்படை இழைக்கு மட்டுமே இது பொருந்தும். இரண்டு நிறத்தில் ஒவ்வோர் இழை சேர்த்துக் கலக்கிற இடத்திலும், சாயம் படிப்படியாக மாறுகிற நூலிலும் இது உதவாது. அங்கே 3 சென்டிமீட்டர் முனையைப் பின்னால் பிடித்துக்கொண்டு, முதல் நாலைந்து தையலுக்கு அடியில் அது சிக்கும்படி தைப்பதே முறை.

மேலே வருகிற கால் எல்லாத் தையலிலும் ஒரே திசையில் சாய்ந்திருக்கவேண்டும் என்பது எல்லோரும் அறிந்தது. அது எப்படிப் பிசகுகிறது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கை எட்டாமல் துணியைக் கால்வட்டம் திருப்பித் தைத்தால் அந்தப் பகுதியின் சாய்வு மாறிவிடும். எதிர்வெளிச்சத்தில் அந்த இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரியும், நூலோ அதே நூல். துணியின் மேல் ஓரத்தில் ஒரு ஊக்கைக் குத்தி வையுங்கள். எந்த நாள் எடுத்தாலும் ஊக்கு மேலே இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஒரே நிறம் வரிசையாக ஓடுகிற இடத்தில் டேனிஷ் முறை, அதாவது போகும்போது எல்லாம் அரைத் தையல், திரும்பும்போது மறுகால். பின்பக்கம் நூல் பிடித்த மாதிரி நேர்க்கோடுகளாக நிற்கும். ஒன்றிரண்டாகச் சிதறிய இடத்தில் ஒவ்வொன்றையும் அங்கேயே முடிக்கிற இங்கிலீஷ் முறை தோதானது.

இப்போது எண்ணிக்கை பிசகும் இடம். பாதியில் நிற்கிற கிராஸ் ஸ்டிட்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம், இதற்கான தடுப்பு தைக்கத் தொடங்குவதற்கு முன்பே செய்யவேண்டியது. வரைபடத்தில் பத்துப் பத்துக் கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு இருக்கும். அதே கோட்டைத் துணியிலும் போடுங்கள். துணியை நாலாக மடித்து நடுவைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இருபுறமும் பத்துப் பத்தாக எண்ணிப் போகவேண்டும். கோட்டுக்கு வழுவழுப்பான மெல்லிய நைலான் மீன்பிடி நூல் எடுங்கள். சாதாரண எம்ப்ராய்டரி நூலால் கோடு போட்டால், மேலே தைக்கிற ஊசி அதைக் குத்தி உள்ளே சிக்கவைத்துவிடும், கடைசியில் உருவ வராது. தண்ணீரில் கரைகிற நீலப் பேனாவும் நல்லது, ஆனால் துவைத்து முழுதாகப் போகும்வரை இஸ்திரிப் பெட்டி துணிப்பக்கம் வரக் கூடாது. சூடு பட்டால் அந்த மை நிலைத்துவிடும். சூட்டில் மறைகிற பேனாவை இதற்கு எடுக்காதீர்கள். மறைந்த கோடு கடுங்குளிரில் திரும்பி வரும்.

கோடு போட ஒரு மாலை முழுதும் போகும், அந்த மாலையில் ஒரு தையல்கூட ஏறாது. ஆனாலும் அதைத் தவிர்க்காதீர்கள். கோடு இருந்தால் பிழை அதிகபட்சம் பத்துக் கட்டத்துக்குள் மாட்டிக்கொள்ளும். கோடு இல்லாத துணியில் இடது ஓரத்தில் செய்த ஒரு கட்டப் பிசகு 800 தையல் கழித்து, பூவேலிக் கரையின் இரு முனைகளும் சந்திக்காத இடத்தில்தான் தெரியும்.

பிசகு தெரிந்துவிட்டால் முதலில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வானம், புல், பின்புலம் போன்ற இடத்தில் பக்கத்து உருவத்தைத் தொடாமல் இருந்தால் விட்டுவிடலாம், யார் கண்ணுக்கும் தெரியாது. முகம், எழுத்து, நேர்க்கரை, சமச்சீர் வடிவம் என்றால் பிரித்தே ஆகவேண்டும். ஊசியைப் பின்னோக்கி நுழைத்துப் பிரிப்பது துணியின் துளையைப் பெரிதாக்கும். முன்பக்கத்தில் மேல்காலைச் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டி, பின்பக்கத்திலிருந்து சாமணத்தால் இழைகளை எடுங்கள். சரியாக இருக்கிற தையலையும் கொஞ்சம் பிரித்து 5 சென்டிமீட்டர் முனை கிடைக்கும்படி பார்த்துக்கொண்டால்தான் அதைப் பின்பக்கத் தையல்களுக்கு அடியில் சொருகி நிறுத்தமுடியும். பிரித்த நூலை மறுபடி பயன்படுத்தாதீர்கள். அதில் பஞ்சு எழும்பியிருக்கும், தைத்தால் மங்கலாகத் தெரியும்.

புகைப்படத்திலிருந்து உருவாக்கிய வரைபடங்களில் ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம் என்று பொரி வாரி இறைத்த மாதிரி இருக்கும். அங்கே ஒரு நிறத்தை முடித்துவிட்டு அடுத்தது என்று போனால் எண்ணிக்கை தவறுவது நிச்சயம். பார்க்கிங் முறைதான் அதற்கு வழி. 10-க்கு 10 பெட்டி ஒன்றை மட்டும் எடுத்து, அதில் ஒரு நிறம் முடிந்ததும் நூலை வெட்டாமல், அடுத்த பெட்டியில் அதே நிறம் முதலில் வரும் கட்டத்தின் துளையில் முன்பக்கமாகக் கொண்டுவந்து தொங்கவிடவேண்டும். அடுத்த பெட்டிக்கு வரும்போது எந்த நூல் எங்கே தொடங்குகிறது என்று நூலே சொல்லிவிடும். பெரிய பெரிய திட்டாக நிறம் வருகிற எளிய படத்துக்கு இந்த முறை தேவையில்லை, அங்கே வேகத்தைக் குறைக்கும். பின்பக்கத் தாவல் நாலைந்து கட்டத்துக்கு மேல் போகக் கூடாது. தைக்காமல் வெறுமையாக விடப்போகிற வெள்ளைத் துணிக்குப் பின்னால் கருப்பு நூல் போனால், சட்டம் போட்டபின் நிழல் மாதிரி தெரியும்.

பேக் ஸ்டிட்சைக் கடைசிக்கு ஒதுக்குவது பெரிய பிசகு. மொத்தத்தையும் ஒன்றாகப் பார்க்கும்போது மலைப்பாக இருக்கும், கண்ணுக்கும் களைப்பு. ஒரு பூவோ பறவையோ முழுதாக முடிந்து, அதைச் சுற்றிய தையலும் முடிந்தால் அன்றே ஒற்றை இழையில் அதன் வெளிக்கோட்டைப் போட்டுவிடுங்கள். வெளிக்கோடு வந்ததும் உருவம் சட்டென்று எழுந்து நிற்கும், அடுத்த பகுதிக்குக் கை தானாகப் போகும். ஒவ்வொரு நாளும் எழுந்திருக்கும்போது வளையத்தைக் கழற்றி வைப்பதும் முக்கியம். வாரக்கணக்கில் கவ்வியிருந்தால் அந்த வட்டத்தில் அழுக்கும் மடிப்பும் சேர்ந்து நிலைத்துவிடும்.

குவில்ட் வேறு குணம் உள்ளது. கிராஸ் ஸ்டிட்சைப் பத்து நிமிடம் கிடைத்தாலும் மடியில் வைத்துத் தைத்துவிட்டு எழலாம். குவில்டுக்கு மேசை, மிஷின், இஸ்திரிப் பலகை, வெட்டும் பாய் எல்லாம் விரிக்கவேண்டும். விரிக்கவே 20 நிமிடம் என்றால் அரை மணி நேர ஓய்வில் யாரும் தொட மாட்டார்கள். அதனால் குவில்ட் வேலையை நிமிடக் கணக்கில் பிரிக்காமல் வேலை வகையாகப் பிரிக்கவேண்டும். ஒருநாள் வெட்டு மட்டும், ஒருநாள் மிஷின் மட்டும், ஒருநாள் இஸ்திரி மட்டும். மிஷின் நாளுக்கு முன்பே நாலைந்து பாபினில் நூல் சுற்றி, இணைக்கவேண்டிய ஜோடிகளை முகத்தோடு முகம் வைத்து அடுக்கிவிட்டால், அரை மணியில்கூட 40 ஜோடி ஓடிவிடும். நூலை வெட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போல ஓட்டுங்கள். முதலில் ஒரு சின்னக் கழிவுத் துணியை ஓட்டிவிட்டுத் தொடங்கினால், முதல் துண்டின் மூலையை மிஷின் உள்ளே இழுத்து நூல் சிக்கலாக்காது.

குவில்டில் எல்லாமே கால் இன்ச் தையல் ஓரத்தை நம்பி நிற்கிறது, அதுவே பலரையும் ஏமாற்றுவதும். அளவுகோலில் கச்சிதமாகக் கால் இன்ச் விட்டுத் தைத்தால் துண்டு சிறுத்துவிடும். துணி மடங்கும் இடத்தில் மடிப்பின் தடிமனும் நூலின் தடிமனும் கொஞ்சம் அளவைத் தின்கின்றன. சோதித்துப் பாருங்கள். 1.5 இன்ச் அகலத்தில் மூன்று பட்டி வெட்டி நீளவாட்டில் இணைத்து இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டி சரியாக 1 இன்ச் இருக்கவேண்டும், மொத்த அகலம் 3.5 இன்ச். நடுப்பட்டி முக்காலே மூணு வீசம் (15/16 இன்ச், ஒரு வீசம் 1/16) வந்தால், பேச்சுவழக்கில் அது கிட்டத்தட்ட முழுசு, குவில்டில் அது தவறு. தையல் கோட்டை ஒன்றிரண்டு இழை அளவுக்கு ஓரத்தின் பக்கம் நகர்த்துங்கள். மிஷினில் ஊசியை நகர்த்தும் வசதி இருந்தால் ஒரு சொடுக்கு வலதுபக்கம். இல்லாவிட்டால் தட்டின் மேல் தடித்த டேப் ஒட்டி, துணி அதை உரசிக்கொண்டு போகும்படி செய்யுங்கள். மூன்று பட்டி சோதனை சரியாகும்வரை நல்ல துணியைத் தொடாதீர்கள்.

அந்த ஒரு வீசம் எங்கே வந்து மோதுகிறது என்று பார்க்கலாம். நைன் பேட்ச் கட்டம் ஒன்றும் வெறும் சதுரம் ஒன்றும் மாறி மாறி வரும் குவில்டை எடுத்துக்கொள்வோம். 2.5 இன்ச் சதுரம் ஒன்பது சேர்ந்தால் கட்டம் 6.5 இன்ச் வரவேண்டும், பக்கத்தில் வரும் வெறும் சதுரமும் 6.5. நைன் பேட்சுக்குள் ஒரு திசையில் இரண்டு தையல் இருக்கிறது. ஒவ்வொன்றும் அரைவீசம் தின்றால் கட்டம் ஒரு வீசம் குறைந்துவிடும். வெறும் சதுரத்தில் தையலே இல்லாததால் அது குறையாது. இரண்டையும் இணைக்கும்போது ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு வீசம் துருத்தும், இழுத்துப் பிடித்துத் தைத்தால் நடுவில் சுருக்கம் விழும். எல்லாக் கட்டமும் ஒரேயளவு குறைந்தால் குவில்ட் கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவே. கலந்து வரும்போதுதான் தகராறு.

அதே குவில்டுக்கு முழுக் கணக்கையும் இங்கே போட்டுவிடலாம். கட்டம் தைத்து முடிந்தபின் 6 இன்ச். அகலத்தில் 10, உயரத்தில் 12 என்றால் குவில்ட் 60-க்கு 72 இன்ச். மொத்தம் 120 கட்டம், பாதி 60 நைன் பேட்ச், பாதி 60 வெறும் சதுரம். நைன் பேட்சுக்கு 540 குட்டிச் சதுரங்களைத் தனித்தனியாக வெட்டவேண்டியதில்லை. துணியின் அகலத்தில் கரையை நீக்கி 40 இன்ச் கிடைக்கிறதென்றால், 2.5 இன்ச் பட்டிகளாக வெட்டி நீளவாட்டில் மூன்று மூன்றாக இணைத்துவிட்டு, பிறகு குறுக்காக 2.5 இன்ச் துண்டுகளாக வெட்டினால் ஒரு தொகுப்பில் 16 துண்டு. ஒரு கட்டத்துக்கு அடர்–வெளிர்–அடர் துண்டு 2, வெளிர்–அடர்–வெளிர் துண்டு 1. ஆக முதல் வகை 120 துண்டு, 8 தொகுப்பு. இரண்டாம் வகை 60, 4 தொகுப்பு. அடர் நிறத்தில் 20 பட்டி, 50 இன்ச் துணி. வெளிர் நிறத்தில் 16 பட்டி, 40 இன்ச். வெறும் சதுரத்துக்குப் பட்டிக்கு 6 வீதம் 10 பட்டி, 65 இன்ச். வெட்டும்போது வீணாவதற்கு ஒவ்வொன்றிலும் 5 இன்ச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இஸ்திரியில் தேய்ப்பு வேண்டாம், அழுத்தம் மட்டும் போதும். பெட்டியை வைத்து, தூக்கி, நகர்த்தி வையுங்கள். சட்டைக்குப் போடுவது போல இழுத்தால் பட்டி வில்லாக வளையும். மூலைவாட்டில் வெட்டிய ஓரத்தில் நீராவியும் இழுப்பும் சேர்ந்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். தையல் ஓரத்தை எப்போதும் அடர் நிறத்தின் பக்கம் சாயுங்கள். மேலே சொன்ன இரண்டு வகைத் துண்டிலும் அப்படிச் சாய்த்தால், ஒன்றில் ஓரங்கள் வெளிப்பக்கமும் மற்றதில் உள்பக்கமும் போகும். இரண்டையும் சேர்த்து வைக்கும்போது எதிரெதிர் மேடுகள் ஒன்றோடொன்று கொக்கி போலப் பொருந்தும். விரலால் தடவினாலே ‘டக்’ என்று பிடிப்பது தெரியும். அப்படிப் பொருந்தினால் நாலு மூலையும் இழை பிசகாமல் சேரும், குண்டூசிகூட வேண்டாம்.

அரைச்சதுர முக்கோணம் (இரண்டு நிற முக்கோணம் மூலைவாட்டில் சேர்ந்து ஆகும் சதுரம்) வருகிற வடிவத்துக்கு ஒரே ஒரு எண் போதும். முடிந்த அளவோடு முக்காலே அரைக்கால் இன்ச் சேர்த்துச் சதுரம் வெட்டவேண்டும். 3 இன்ச் வேண்டுமென்றால் 3⅞. ஆனால் 4 இன்ச்சாக வெட்டித் தைத்துவிட்டு 3½-க்குச் சீவி எடுப்பதே நல்லது. துணி கொஞ்சம் வீண்தான், மூலைகள் கச்சிதமாக நிற்கும். சீவும்போது ஸ்கேலின் 45 டிகிரிக் கோடு தையல் மேல் உட்காரவேண்டும்.

சுற்றுக்கரை அலை அலையாக நிற்பதற்கு முக்கியக் காரணம், நீளப்பட்டியை அளக்காமல் ஓரத்தோடு ஓட்டிக்கொண்டே போய்க் கடைசியில் வெட்டுவது. மேல்துணியின் நடுவிலும், இரு ஓரங்களுக்குக் கொஞ்சம் உள்ளேயும் மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள், பட்டியை அந்த நீளத்துக்கு முதலில் வெட்டுங்கள். நாலாக மடித்துக் குறியிட்டு, குறிக்குக் குறி குண்டூசி குத்தித் தைத்தால் ஓரம் தட்டையாகப் படியும்.

மேல்துணி முடிந்தது. அலமாரிக்குள் போகிற நேரம் இது. அதைத் தடுக்க, மேல்துணிக்கு வெட்டுகிற அன்றே பின்துணியும் பஞ்சுப் படலமும் வெளி ஓரத்தை மூடும் ஓரப்பட்டியும் தயாராக இருக்கவேண்டும். சுற்றிலும் 3 இன்ச் கூட வேண்டுமானால் பின்துணி 66-க்கு 78 இன்ச். 40 இன்ச் அகலத் துணியில் 78 இன்ச் நீளமாக இரண்டு துண்டு எடுத்துப் பக்கவாட்டில் இணைப்பதுதான் பலர் செய்வது, 156 இன்ச் ஆகும். அதைத் திருப்பி 66 இன்ச் நீளமாக இரண்டு எடுத்து மேலும் கீழுமாக இணைத்தால் 132 இன்ச் போதும். இரண்டு 40 சேர்ந்து 80, அரை இன்ச் ஓரத் தையலுக்கு 1 இன்ச் போனால் 79, தேவை 78. ஓரப்பட்டிக்குச் சுற்றளவு 264 இன்ச், மூலைக்கும் முடிவு இணைப்புக்கும் 12 சேர்த்து 276. 40-ஆல் வகுத்தால் 7 பட்டி என்று வரும், அது போதாது. பட்டிகளை மூலைவாட்டில் இணைக்கும்போது ஒவ்வொரு இணைப்பிலும் பட்டியின் அகலமான இரண்டரை இன்ச் போய்விடும். 7 பட்டிக்கு 6 இணைப்பு, 15 இன்ச் குறைந்து 265-தான் மிஞ்சும். 8 பட்டி வெட்டுங்கள். கடைசி மூலைக்கு ஒரு சாண் தூரத்தில் பட்டி தீர்ந்து நிற்கிற குவில்டுகளுக்கு இந்த ஒரு வகுத்தல்தான் காரணம்.

பஞ்சுப் படலத்தின் உறையில் தையல் கோடுகளுக்கு இடையே அதிகபட்சம் எத்தனை இன்ச் விடலாம் என்று அச்சிட்டிருக்கும். அதை மீறினால் துவைக்கும்போது பஞ்சு நகர்ந்து கட்டி தட்டும். முந்தின நாளே பிரித்து விரித்து வையுங்கள், மடிப்பு தானே இறங்கும்.

மூன்று அடுக்கையும் ஒன்றாக்குவதை நிதானமாகச் செய்யுங்கள். பின்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்கவேண்டும். நாலு பக்கமும் நடுவிலிருந்து தொடங்கி டேப் ஒட்டுங்கள். துணி விறைப்பாக இருக்கலாம், இழுபடக் கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அது சுருங்கி, மேல்துணியில் சுருக்கம் வரும். மேலே பஞ்சு, அதன் மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளியே போனபடி 4 இன்ச்சுக்கு ஒரு ஊக்கு, அதாவது கையை மூடி எங்கே வைத்தாலும் ஒரு ஊக்கைத் தொடவேண்டும். 60-க்கு 72-க்கு ஏறக்குறைய 270 ஊக்கு. எண்ணிக்கையைக் குறைத்தால் பின்பக்கம் மடிந்து தைபடும்.

தைக்கும்போது மூன்று அடுக்கையும் ஒரே வேகத்தில் நகர்த்தும் வாக்கிங் ஃபுட் போடுங்கள், ஊசி 90/14, தையல் நீளம் 3 மில்லிமீட்டர். துண்டு இணைக்கும்போது வைத்த 80/12 ஊசியும் 2 மில்லிமீட்டர் நீளமும் இங்கே பொருந்தாது. முதல் கோடு நடுவில், பிறகு இருபுறமும். நைன் பேட்ச் குவில்டில் மூலையிலிருந்து மூலைக்கு மூலைவாட்டுக் கோடுகள் போட்டால் குறியிடவே தேவையில்லை, சதுரங்களின் மூலைகளே வழி காட்டும். குவில்டின் கனம் மேசையிலிருந்து தொங்கினால் அது துணியைப் பின்னுக்கு இழுக்கும், தையல் நீளம் கண்டபடி குறையும். பக்கத்தில் ஒரு நாற்காலியோ இஸ்திரிப் பலகையோ வைத்து அதன் மேல் கனத்தை ஏற்றுங்கள். ஒவ்வொரு கோடும் முடிந்ததும் கவிழ்த்துப் பாருங்கள். வாக்கிங் ஃபுட் இல்லாமல் கையால் துணியை நகர்த்தித் தைக்கும் வளைவுகளில் பின்பக்கம் இமைமயிர் போல நூல் கோடு கோடாக நின்றால், கை வேகமாகவும் மிஷின் மெதுவாகவும் ஓடியிருக்கிறது, மேல்நூலின் இறுக்கமும் குறைவு.

ஓரப்பட்டியை 2.5 இன்ச்சில் நீளவாட்டாக இரண்டாக மடித்து, மடிப்பு உள்பக்கம் பார்க்கும்படி மேல்பக்கத்தில் மிஷினில் தைக்கவேண்டும். மூலைக்குக் கால் இன்ச் முன்பே நிறுத்தி, ஊசியை எடுத்து, பட்டியை 45 டிகிரியில் மேல்நோக்கி மடித்து, மறுபடி அப்படியே கீழே மடித்து, ஓரத்திலிருந்தே தொடங்குங்கள். கால் இன்ச்சுக்கு மேல் ஒரு தையல் ஓடிவிட்டாலும் திருப்பும்போது மூலை கூராக வராது. பின்பக்கத்தைக் கையால் முடிக்கும் 264 இன்ச் நீளத் தையலை மிஷின் நாளில் செய்யாதீர்கள். கிராஸ் ஸ்டிட்ச் செய்கிற அதே நாற்காலி, அதே பத்துப் பத்து நிமிடம் போதும். ஒரு நாளைக்கு 30 இன்ச் என்றால் ஒன்பது நாள்.

இரண்டு வேலைக்கும் பொதுவான பழக்கம் ஒன்று. எழும்போது, அடுத்து என்ன என்று ஒரு சின்னத் தாளில் எழுதித் துணியோடு ஊக்கால் குத்திவிடுங்கள். “310 கருப்பு, நாலாம் பெட்டி, மேலிருந்து மூன்றாம் வரிசை.” அல்லது, “7-ம் வரிசைக் கட்டங்கள் இணைக்கவேண்டும், ஓரம் இடதுபக்கம் சாய்க்க.” மூன்று வாரம் கழித்து எடுத்தாலும் யோசிக்க ஒன்றுமில்லை. வரைபடத்தில் முடித்த கட்டங்களை ஒவ்வொரு ஊசி நூலுக்கும் ஒருமுறை ஹைலைட்டரால் தீட்டுங்கள். நாள் முடிவில் மொத்தமாகத் தீட்டலாம் என்று விட்டால் அங்கேயும் ஒரு கட்டம் பிசகும்.

குவில்டின் பின்பக்க அடையாளத் துணியில் இரண்டு கைவேலையும் சேரலாம். 28 கவுண்ட் ஈவன்வீவில் இரண்டு இழை தாண்டி, ஒற்றை இழையில் பேக் ஸ்டிட்ச் எழுத்து. ஐடாவைவிட இந்தத் துணி மெத்தென்று இருக்கும், படுக்கும்போது உறுத்தாது. எண் ஒன்று 5 கட்டம் அகலம், 7 கட்டம் உயரம் என்றால் உயரம் அரை இன்ச். ஆண்டின் நாலு எண்ணுக்கு 20 கட்டம், இடைவெளி 3, மொத்தம் 23, ஒன்றரை இன்ச்சுக்குச் சற்று மேல். பெயர், மாதம் எல்லாம் சேர்த்து 4-க்கு 3 இன்ச் துணியில் அடங்கிவிடும். சிவப்பு, கருநீலம் போன்ற அடர் நூல் என்றால் முதலில் தனியாகக் குளிர்ந்த நீரில் அலசி, தண்ணீர் தெளியும்வரை விடாமல் அலசுங்கள். சாயம் கசியும்போது உலரவிட்டாலோ இஸ்திரி போட்டாலோ கறை நிலைத்துவிடும். பிறகு கெட்டித் துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டு பின்பக்கத்தில் இஸ்திரி. அடுத்தடுத்த இரு ஓரங்களை உள்ளே மடித்து, மற்ற இரு ஓரங்களைக் குவில்டின் கீழ்மூலையோடு சேர்த்து, ஓரப்பட்டி தைப்பதற்கு முன்பே குண்டூசியால் நிறுத்துங்கள். பட்டி அந்த இரண்டு ஓரங்களையும் கவ்விக்கொள்ளும். மடித்த இரண்டை மட்டும் பின்துணியின் ஓரிரு இழையைப் பிடித்துக் கையால் தைத்தால் போதும், ஊசி முன்பக்கம் வராது.